இல்லாத பழுதைத் தேடி ஐந்து முறை ஏறியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் வானொலி ஆர்வலர் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய பல் டாக்டர் ஐயா அவர்களே! செயலாளர் தையற்கடை அக்கா அவர்களே! முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும், நம் லிஃப்ட் மாமாவின் துணைவியான அத்தை அவர்களே! லிஃப்ட் கம்பெனியிலிருந்து வேலை உடையோடு நேராக வந்திருக்கும் அண்ணன்மார்களே! ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் படுத்திருக்கும் வாட்ச் கடைப் பெரியவர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தை நம் சங்கம் வானொலியில் விட்டுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு மட்டும் கேட்காது. ஏன் கேட்காது என்பதைச் சொல்லத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன்.

"இளைய உறுப்பினர்கள் சார்பில் ரெண்டு நிமிஷம் பேசும்மா" என்று டாக்டர் ஐயா அழைத்தார். டாக்டர் ஐயாவின் இரண்டு நிமிடம் எவ்வளவு நேரம் என்பது நமக்குத் தெரியும். பல்லைச் சட்டென்று பிடுங்கிவிடுவார். மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்குவதுதான் கடினம். எனக்கும் அந்த அளவு நேரம் வேண்டும், ஐயா. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் லிஃப்ட் மாமா கடைசி இரண்டு மாதத்தில் ஐந்து முறை குன்று ஏறினார். எதற்கு ஏறினார்? நம் ரிப்பீட்டர் நிலையத்தில் ஒரு பழுது என்று ஏறினார். அங்கே பழுது இருந்ததா? இல்லை. பழுது கீழே, எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடியில், என் கட்டிலின் மேல் கால் நீட்டிப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பழுது நான்தான்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒரு தீர்மானம் வரப்போகிறது. மாதக் கடைசியோடு நிலையத்தை நிறுத்திவிடலாம் என்ற தீர்மானம். ஏற ஆள் இல்லை என்பது ஒரு காரணம். சிக்னல் முன்போல இல்லை, பெட்டிக்கு வயதாகிவிட்டது என்பது இன்னொரு காரணம். பெட்டிக்கு வயதாகவில்லை. அதைச் சொல்லாமல் நீங்கள் கை தூக்கிவிட்டால், மாமா பதினொரு வருடம் காப்பாற்றிய ஒன்றை என் விளையாட்டு கொன்றதாக ஆகிவிடும்.

சங்கத்தில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கையிலிருக்கும் சின்னக் கருவியின் குரல் நாலைந்து தெரு தாண்டாது. குன்றின் மேல் ஓர் ஆன்டெனாக் கோபுரம், அதன் அடியில் ஒரு சிறிய அறை. அதற்குள் ஒரு பெட்டி. அது எங்கள் குரலைக் கேட்டு, அதே நொடியில், ஊர் முழுக்க எட்டும்படி உரக்கத் திருப்பிச் சொல்லும். சொன்னதையே உரக்கத் திருப்பிச் சொல்ல எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். ஊருக்கு அந்தப் பெட்டி.

அந்தப் பெட்டி தானாகவா ஓடியது? மாதம் ஒரு முறை பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? லிஃப்ட் மாமா! மழைக்கு முன் கேபிள் முனைகளுக்கெல்லாம் நீர் புகாத நாடா சுற்றியது யார்? லிஃப்ட் மாமா! பெட்டிக்குள் குடித்தனம் வைத்த எறும்புக் கூட்டத்தை, "வாடகை குடுக்காம எத்தனை நாள்டா இருப்பீங்க" என்று கேட்டபடி தூரிகையால் ஒவ்வொன்றாக வெளியேற்றியது யார்? ஒன்றைக்கூட நசுக்கமாட்டார், நசுக்கினால் அதன் நீர் தகட்டில் பட்டுத் துருப்பிடிக்கும் என்பார். கருணையா, கணக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வாரம் ஆறு நாள் ஊரையே மேலே ஏற்றி இறக்கியவர் அவர். முப்பத்தெட்டு லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் பொறுப்பு. ஏழாவது நாள், லிஃப்ட் இல்லாத ஒரே இடத்துக்கு, அறுநூற்றுப் பன்னிரண்டு படி, அதற்கு மேல் கல்லும் முள்ளுமாக ஒரு பாதை, நடந்தே ஏறினார்.

புயல் வந்த வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று நாள் ஊரில் எல்லார் செல்போனும் வெறும் டார்ச் லைட்டாக இருந்தது. அந்த மூன்று நாளும் மாமா அந்த அறையைவிட்டு இறங்கவில்லை. முகாம்களிலிருந்து வந்த செய்திகளை எழுதி எழுதி அனுப்பினார். இருநூற்றுப் பதினான்கு செய்திகள். அதில் ஒன்று, ஒரு முகாமிலிருந்து ஓர் அக்கா தன் தம்பிக்குச் சொன்னது. "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கட்டில் மெதக்குது. நாய்க்கு பிஸ்கட் போட்டியா? உடைச்சுப் போடு, முழுசாப் போட்டா தொண்டையில சிக்கிக்கும்."

டாக்டர் ஐயா வானொலியில் குறுக்கிட்டார். "நாய் விஷயத்த விட்ருங்க, அம்பது பேர் வரிசையில நிக்கறாங்க."

மாமா சொன்ன பதில் சங்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "டாக்டர், அவங்க சொன்னதுல நாயும் இருக்கு. வெட்டறதுக்கு நான் யாரு?"

அந்தத் தம்பி பிறகு சங்கத்துக்கே வந்து சொன்னார். 'நல்லா இருக்கோம்' என்பதை அவர் நம்பவில்லையாம். யாரோ ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தாராம். நாய் பிஸ்கட்டைக் கேட்டதும்தான், இது என் அக்காவேதான், உயிரோடுதான் இருக்கிறாள் என்று உட்கார்ந்து அழுதாராம்.

அப்படிப்பட்ட மனிதரை நான் என்ன செய்தேன்?

புதன்கிழமை ஏழு மணிக்கு நம் வருகைப்பதிவு நடக்கும். ஒவ்வொருவருக்கும் வானொலியில் பெயராக இருக்கும் அழைப்புக் குறியைச் சொல்லி அக்கா கூப்பிடுவார், நாம் பதில் சொல்வோம். அதன்பிறகு டாக்டர் ஐயாவின் உரை. கருவியில் பேசும் பொத்தானை அழுத்துகிறவர் தன் குறியைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது நம் முதல் விதி. ஒரு புதன்கிழமை, ஐயா ஈறு பராமரிப்பிலிருந்து ஒழுக்கப் பராமரிப்புக்குத் தாவி மூச்சு வாங்கிய இடைவெளியில், நான் பொத்தானை ஒரு நொடி அழுத்திவிட்டேன். பேசவில்லை. பெட்டி 'டக்' என்று விழித்து, 'ஷ்ஷ்' என்று இரைந்து, ஓய்ந்தது. கேட்க, யாரோ சலித்துக்கொண்டு பெருமூச்சு விட்டதுபோலவே இருந்தது! அடுத்த இடைவெளியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு.

"என்னாச்சு, பெட்டி என்னமோ பண்ணுதே?" என்றார் அக்கா.

"டாக்டர் பேச்சு பெட்டிக்கே பொறுக்கல" என்றார் வாட்ச் கடைப் பெரியவர்.

ஊரே சிரித்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். மலைப்பேய் என்று பேர் வைத்தார்கள். பேருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ள வேண்டாமா? வாராவாரம் வந்தேன்.

எல்லோரும் சிரித்தபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டி அழைக்காமலே விழிக்கிறது என்றால் உள்ளே எதுவோ சரியில்லை என்று மாமா முடிவு செய்தார். ஞாயிறு காலை ஏறினார். கேபிளின் மேல் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று நினைத்து, எல்லா நாடாவையும் பிரித்து, துடைத்து, காயவைத்து, மறுபடி சுற்றினார். மேலேயிருந்து கூப்பிட்டார். "முடிச்சிட்டேன். யாருக்காவது கேக்குதா?"

பதில் சொன்னது யார் தெரியுமா? நான்தான்! "சூப்பரா கேக்குது மாமா!" என்றேன். ஒரு வாரம் சும்மா இருந்தேன். 'தண்ணிதான்மா, தண்ணிதான்' என்று புதன்கிழமை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எல்லோரும் பாராட்டினார்கள். அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால், சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது பேய் திரும்பி வந்தால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வந்தது.

இரண்டாவது முறை ஏறி, பெட்டியை விழிக்கவைக்கும் ரிலே சுவிட்சை மாற்றினார். மூன்றாவது முறை, புதன்கிழமையே லீவு போட்டு ஏறி, சார்ஜரை மாற்றிவிட்டு, இரவுவரை அந்தத் தகர அறையின் வெக்கையில் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்று அது விழிக்கவில்லை. எப்படி விழிக்கும்? மறுநாள் எனக்குப் பரீட்சை.

நான்காவது முறை, கேபிளைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. சங்கத்து அலமாரியில் கிடந்த உபரிக் கேபிளை, முப்பது மீட்டர், தோளில் மாலைபோல மாட்டிக்கொண்டு ஏறினார். கோபுரத்தில் இருந்த நல்ல கேபிளைக் கழற்றினார். கொண்டுபோனதை மாட்டினார். அந்த உபரிக் கேபிள் அலமாரியில் கிடந்த வருடங்களிலேயே உள்ளுக்குள் ஈரம் குடித்திருந்தது. யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்துதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் பெட்டியின் குரல் எட்டவில்லை. அன்றிலிருந்துதான் வாட்ச் கடைப் பெரியவர் புதன்கிழமை வருகைப்பதிவில் இல்லை. படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் நாலு பேர் குரல் கேட்டது. அதை நான் நிறுத்தினேன்.

அந்த வாரம் எங்கள் கட்டட லிஃப்டைப் பார்க்க மாமா வந்தார். பள்ளிக்கூடப் பையோடு நான் உள்ளே ஏறினேன். கருவி பைக்குள்ளேயே இருந்தது.

"என்ன மாமா, பேய் மாட்டுச்சா?"

"மாட்டும் மாட்டும். மெஷின்ல கோளாறுன்னா தேடுனா கெடைக்காம போகாது. பொறுமைதான் வேணும்."

இடது தோளைப் பிசைந்துகொண்டே பேசினார். "என்ன மாமா தோள்ல?"

"கேபிள் தூக்குனதுடா கண்ணு. உங்க அத்தைகிட்ட சொல்லிடாத. ஏறவே கூடாதுன்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கா."

நான்காவது மாடி வந்தது. கதவு திறந்தது. சொல்லியிருக்க வேண்டும். கதவு மூடிக்கொள்ளாமல் விரலால் பிடித்தபடி, "மழை வருது, ஓடு ஓடு, துணி காயப்போட்டிருக்கப் போறாங்க" என்றார். ஓடினேன். அன்றோடு பொத்தானை விட்டுவிட்டேன். விட்டதைத்தான் செய்தேன், சொல்லவில்லை. சிரிப்பு வராத விளையாட்டு ஒன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை பேச்சுப் பேசுகிற வாய்!

பெரியவரின் குரல் காணோம் என்பதைக் கவனித்து, ஐந்தாவது முறை ஏறினார். அது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை, கம்பெனியில், கருவிப் பெட்டியை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இதயம் வருடக்கணக்காகவே சரியில்லை, இதற்கும் ஏறியதற்கும் முடிச்சுப் போட முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். அத்தைதான் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொன்ன மருத்துவருக்கு நிம்மதி தருகிற வாக்கியம். எனக்குத் தரவில்லை.

போன வாரம் செயலாளர் அக்காவோடு நானும் பேட்டரி பார்க்கக் குன்றுக்குப் போனேன். அங்கே அவருடைய குறிப்பு நோட்டு இருந்தது. முதல் ஏற்றத்தின் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'உறுப்பினர் யாராவது விளையாட்டுக்கு அழுத்துகிறார்களோ என்று செயற்குழுவில் செயலாளர் கேட்டார். நம் ஆட்கள் செய்யமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.' அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது குறிப்புகளில் அந்தச் சந்தேகத்தின் பேச்சே இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். நாடாவைச் சந்தேகப்பட்டார், ரிலேயைச் சந்தேகப்பட்டார், பேட்டரியை, சார்ஜரை, கேபிளை, கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டு, 'கண்ணாடி மாற்ற வேண்டும்' என்றுகூட ஓரத்தில் எழுதியிருந்தார். நம்மை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஐந்தாவது குறிப்பு: 'மாட்டிய கேபிள் மோசம். முன்பு இருந்ததுதான் நல்லது. காரணமில்லாமல் கழற்றிவிட்டேன். என் தவறு. இன்று இருட்டிவிட்டது. அடுத்த ஞாயிறு திரும்ப மாட்ட வேண்டும்.'

என் தவறு என்று எழுதியிருக்கிறார், அவையோரே! அவருடைய தவறாம்!

நோட்டை மூடிவிட்டு அங்கிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார்.

"இத யார்கிட்டல்லாம் சொன்ன?"

"உங்ககிட்டதான் அத்தை மொதல்ல."

"என்கிட்ட மட்டும் சொல்லிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறியாடி? நான் அழுவேன், நீயும் அழுவ, அதோட முடிஞ்சிரும். அந்த மனுஷன் சபையில உங்களுக்காகப் பேசினாரு. நீயும் சபையில சொல்லு."

"மன்னிச்சிருவீங்களா?"

"அத இப்ப கேக்காத. எனக்கே தெரியல."

அதனால் இன்று மன்னிப்புக் கேட்க நான் ஏறவில்லை. கேட்கக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். சென்ற புதன்கிழமை வருகைப்பதிவில் அக்கா பழக்க தோஷத்தில் மாமாவின் அழைப்புக் குறியைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு நிமிடம் யாரும் பொத்தானைத் தொடவில்லை. பெட்டி விழிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று.

அந்தத் தீர்மானத்தை இன்று நிறைவேற்றாதீர்கள். பெட்டிக்கு வயதாகவில்லை, தவறான கேபிள் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மாமா தொடங்கிய வேலையில் மிச்சம் அரை நாள். ஞாயிறு காலை ஏற எனக்கு அனுமதி கொடுங்கள். பதினேழு வயதுப் பெண் கோபுரம் ஏறுவதா என்று டாக்டர் ஐயா கவலைப்படுவது முகத்திலேயே தெரிகிறது. லிஃப்ட் கம்பெனி அண்ணன்களிடம் இடுப்புப் பட்டையும் கயிறும் கேட்டிருக்கிறேன். தருகிறோம் என்றார்கள், எதற்கென்று அவர்களுக்கு இப்போதுதான் தெரியும். இனியும் தருவார்களா என்பது அவர்கள் விருப்பம். அதன்பிறகு மாதாமாதம் தண்ணீர் ஊற்றுவேன். எறும்புகளைத் தூரிகையால் அனுப்புவேன். சட்டப்படி ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டுமென்றால், அவர் பின்னால் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். நோட்டில் ஒவ்வொரு முறையும் உண்மையை எழுதுவேன். இது உறுதிமொழி. கைதட்டாதீர்கள், தயவுசெய்து.

என்னை மேலே அனுப்புவதா, சங்கத்தைவிட்டே அனுப்புவதா என்பது உங்கள் முடிவு. எந்த முடிவானாலும் சரி, கேபிள் மாட்டப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கேபிள், அறைக்குள் பேட்டரி மேசைக்கு அடியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு முனையிலும் நீலப் பட்டை உண்டு. மாட்டியபின் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், மேலிருந்து கீழாக வேண்டாம். அப்போதுதான் மழைநீர் ஒவ்வொரு மடிப்பின் மேலும் வழிந்து ஓடும், உள்ளே இறங்காது. இதுவும் அவர் நோட்டில் எழுதியிருப்பதுதான், நான் கண்டுபிடித்ததல்ல. மழைக்காலத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

டாக்டர் ஐயா, கை தூக்கச் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். முதலில் அத்தையைக் கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் அதுவே எனக்குச் சரி. அவர் சொல்லும்வரை நான் உட்கார மாட்டேன். மேடைக்குக் கீழே நிற்கிறேன்.